கடலைப் பொட்டலத்தில் போன இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது யார் என்று யாராவது கேட்டால் மலாயாவில் நான் படித்த சிகாமட் பள்ளிக்கூடத்து வாத்தியார்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுவேன். அது மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் என்னையும் என் இங்கிலீஷையும் கட்டி மேய்த்தது என் அம்மா. அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. தமிழிலும் தெரியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு நான் இழுத்து இழுத்துச் சொன்னால் நன்றாக இருக்காது.

அப்பாவுக்கு ரயில் ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகையில் வேலை. வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கி அடுக்கி வைப்பார். வருஷக்கணக்கில் ரயிலோடு பழகியதில் அவருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் வந்து சேர்ந்திருந்தது. ‘ரைட்’, ‘ஸ்டாப்’, ‘டாம்பூல்’. இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தை ஓட்டிவிட முடிகிறபோது பையனுக்கு அதற்கு மேல் எதற்கு என்பது அவர் கட்சி. அம்மாவின் கட்சி வேறு. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அந்தக் கொட்டகையின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கிராணியை, அதாவது குமாஸ்தாவை, அவள் பார்த்திருக்கிறாள். மூட்டையைத் தொடாமலே மூட்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார். பொழுது சாயும்வரை அவர் சட்டை வெள்ளையாகவே இருக்கும். என் மகன் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்று அம்மா முடிவு செய்தது அந்தச் சட்டையைப் பார்த்துத்தான்.

நானோ ஆறாம் ஸ்டாண்டர்டில் ஒருமுறை கோட்டைவிட்டு, அதே பெஞ்சியில் இரண்டாம் வருஷமாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் ஏழாம் ஸ்டாண்டர்டு என்பது பெரிய படிப்பின் வாசல். அங்கே போக வேண்டுமானால் ஹெட்மாஸ்டர் துரையின் முன்னால் நின்று இங்கிலீஷ் ரீடர் புத்தகத்தில் அவர் கைகாட்டுகிற பாடத்தைத் தட்டில்லாமல் வாசிக்க வேண்டும். இரண்டாம் தடவையும் தட்டினால் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கிவிடுவார்கள். அப்பா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

“இந்தத் தடவ தேறலன்னா நேரா ரெங்கம்தான். மாமாகிட்ட சொல்லி வச்சிட்டேன். அவன்கூட நின்னு பால் மரம் வெட்டு.”

ரெங்கத்தில் என் தாய்மாமா ரப்பர் தோட்டத்தில் இருந்தார். விடியுமுன் எழுந்து, கொசுவுக்கு இரத்த தானம் செய்து, மரத்துக்கு மரம் ஓடுகிற அவருடைய வாழ்க்கையை லீவு நாட்களில் போய்ப் பார்த்திருக்கிறேன். லீவுக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருஷத் தொடக்கத்தில் துரை பெற்றோர்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். அவர் நின்று அரைமணி நேரம் பேசினார். அதை மலாய்க்கார வாத்தியார் ஒருவர் மலாயிலும், சீன வாத்தியார் ஒருவர் சீனத்திலும் சொன்னார்கள். தமிழர்களுக்குச் சொன்னவர் எங்கள் வகுப்பு வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறும் கழுத்தில் டையுமாக வருவார். துரையின் அரைமணி நேரத்தை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார்.

“பிள்ளையளை வீட்டில சும்மா விடக் கூடாதாம். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிக்க வைக்க வேணுமாம். தாய் தகப்பன் பக்கத்தில இருந்து கேக்க வேணுமாம்.”

மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு, கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா மட்டும் எழுந்து நின்று சந்தேகம் கேட்டாள்.

“எனக்கு இங்கிலீசு வெளங்காதே, வாத்தியாரய்யா. நான் கேட்டு என்னாவப் போவுது?”

“விளங்கத் தேவையில்லை, அம்மா. காதைக் குடுத்தால் போதும்.”

பாவம், வாத்தியாருக்கு அது என்ன காது என்று தெரியாது. ரயில் கூவுகிற கூவலை வைத்தே எந்த டிரைவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்கிற காது அது. கோயிலில் ஒருமுறை கேட்ட பாட்டை மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே முழுதாகப் பாடுவாள். அப்பா மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சண்டையில் சொன்ன வார்த்தையை, அவர் அதைச் சொன்ன அதே குரலில், வேண்டிய சமயத்தில் எடுத்து வீசுவாள்.

மறுநாள் சாயங்காலமே வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. அடுப்பங்கரை வாசலில் நெத்திலிக் கருவாட்டை முறத்தில் கொட்டிக்கொண்டு அம்மா உட்காருவாள். எதிரே நான் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். உட்கார்ந்து வாசித்தால் தொண்டைக்குள்ளேயே முழுங்கிவிடுகிறேனாம். அவள் நெத்திலியின் தலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்பாள். ஒரு பாடத்தை மூன்று நாள் வாசிக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். முதல் நாள் பேசாமல் கேட்பாள். இரண்டாம் நாள் உதடு அசையும். மூன்றாம் நாள்தான் எனக்குக் கண்டம்.

அப்படி ஒரு மூன்றாம் நாளில், பாதி வாசித்துக்கொண்டிருந்தவனை நெத்திலியும் கையுமாக நிறுத்தினாள்.

“டேய், நில்லு. நேத்து இந்த எடத்துல ‘வாஸ்’னு சொன்ன. இன்னிக்கு ‘ஈஸ்’னு சொல்ற. எது சரி?”

புத்தகத்தைப் பார்த்தேன். ‘வாஸ்’தான். இறந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வாத்தியார் பிரம்பை உடைத்தும் என் மண்டையில் ஏற்ற முடியாமல் தவித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. எழுத்தறியாத ஒருத்தி கருவாடு கிள்ளிக்கொண்டே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் வயசுப் பையன்களின் அம்மாக்கள் எல்லாம் எவ்வளவு நிம்மதியாக ஒன்றும் தெரியாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசிப்பு முடிந்ததும் அவளுக்கு ஒரு கூலி உண்டு. படித்த பாடத்தின் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவள் ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தாளோ என்றுகூடத் தோன்றும். குருவிக்காகக் கண்ணீர் விடுவாள். குடியானவனை ஏமாற்றிய வியாபாரியை, அவன் இங்கிலாந்தில் இருக்கிறான் என்பதையும் பாராமல், நல்ல தமிழில் திட்டித் தீர்ப்பாள்.

இப்படியே போயிருந்தால் நான் உருப்பட்டிருப்பேன். நடுவில் கச்சாங் பூத்தேக்காரர் வந்தார்.

கச்சாங் பூத்தே என்று மலாய்க்காரர்கள் சொல்வது வறுத்த கடலை, பட்டாணி, சுண்டல் வகையறாவை. விற்றவர் நம்மவர்தான். மரத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நிற்பார். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் கடலையைப் போட்டுத் தருவார். ஒருநாள் என் கையிலிருந்த ரீடர் புத்தகத்தை வாங்கி, தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். துணிக்கடையில் பட்டைத் தடவுகிற மாதிரி தடவினார்.

“நல்ல தடிக் காயிதம் தம்பி. எண்ணெ ஊறாது. நாலு தாளு குடுத்தா ஒரு பொட்டலம் தாரேன்.”

முதலில் மறுத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் மூளை அன்று மிக வேகமாக வேலை செய்தது. முதல் பாடம் முடிந்துவிட்டது. அது அம்மாவுக்கு மனப்பாடம். ஒரு பாடம் அம்மாவின் தலைக்குள் பத்திரமாக இருக்கும்போது அதே பாடம் புத்தகத்திலும் எதற்கு? வீட்டில் ஒரே சாமானை இரண்டிரண்டாக வைத்துக்கொள்வதில்லையே. நான்கு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கடலை சூடாக இருந்தது.

அதன்பிறகு அம்மா பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான் தாமதம், அது கடலைக்காரரிடம் போய்விடும். அம்மாவும் கெட்டிக்காரி. வேகமாகவே முடித்துக்கொடுத்தாள். கொஞ்ச நாளில் எனக்கு அவள் வேகமும் போதவில்லை. பட்டாணிக்கு ஆசைப்பட்டு, இன்னும் படிக்காத பாடத்திலும் கை வைத்தேன். சிகாமட்டில் பாதிப் பேர் எங்கள் ரீடர் புத்தகத்தைப் பிரித்துக் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பையைத் திறந்து பார்த்தபோது முன்னட்டையும் பின்னட்டையும் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன.

வகுப்பில் பக்கத்துச் சீனப் பையனின் புத்தகத்தை எட்டிப் பார்த்துச் சமாளித்துவிடலாம். வீட்டில் எட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? புத்தகம் தொலைந்தது என்றால் அம்மா தேடுவாள். தேடினால் கடலைக்காரரே என்னைக் காட்டிக்கொடுப்பார். அப்புறம் ரெங்கத்துக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.  

அப்போது கண்ணில் பட்டது அப்பா ஸ்டேஷனிலிருந்து எடுத்துவந்த பழைய புத்தகம் ஒன்று. ரயிலில் சரக்கு ஏற்றுவதற்கான சட்டதிட்டங்களை இங்கிலீஷில் அச்சடித்த புத்தகம். புதிதாக வேறு வந்துவிட்டதால் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அலமாரித் தட்டில் விரிக்க உதவும் என்று அப்பா கொண்டுவந்து வைத்திருந்தார். சோற்றுப்பசையைத் தடவி அதை ரீடர் அட்டைக்குள் ஒட்டினேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

அன்று சாயங்காலம் அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் எதிரே நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கதை சொல்கிற ராகத்தில் ஆரம்பித்தேன்.

“லைவ்ஸ்டாக் வில் பி கேரீட் அட் ஓனர்ஸ் ரிஸ்க் ஒன்லி.”

கால்நடைகளை ஏற்றினால் செத்தாலும் பிழைத்தாலும் சொந்தக்காரர் பாடு, ரயில் பொறுப்பாகாது என்று அர்த்தம். அம்மா நெத்திலியைக் கிள்ளிக்கொண்டு தலையை ஆட்டினாள். அடுத்த வரி, வாத்துகளைக் கூடையில்தான் அடைக்க வேண்டும் என்றது. “டக்ஸ் அண்ட் கீஸ் மஸ்ட் பி இன் பாஸ்கெட்ஸ்.” இதையும் சோகமாக வாசித்தேன். ஒரே ஒரு ஆபத்துதான் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ‘ஸ்டேஷன் மாஸ்டர்’ வந்தார். அம்மாவுக்கு ஸ்டேஷன் மாஸ்டரைத் தெரியும். அவர் சம்சாரத்தையும் தெரியும். ஆகவே அவர் தலை தெரிந்த இடத்திலெல்லாம் ‘கிங்’ என்று மாற்றிவிட்டேன். ஒழுகுகிற கூடையை ஸ்டேஷன் மாஸ்டர் ஏற்க மறுக்கலாம் என்று இருந்ததை, “தி கிங் மே ரெஃப்யூஸ் எனி பாஸ்கெட் தட் லீக்ஸ்” என்று வாசித்தேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வரி காலை வாரிவிட்டது. “நோ டூரியன்ஸ் இன் பாசெஞ்சர் காரேஜஸ்.” துரியான் பழத்தைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. அதன் வாசனை அப்படி.

அம்மாவின் கை நின்றது. “துரியானா? வெள்ளக்காரன் கதையிலயா துரியான் வருது?”

“இது இந்த ஊர்க் கதைம்மா. பெரிய வகுப்புல இப்படித்தான் வரும்.”

“முன்னாடியெல்லாம் படம் இருந்துச்சே, அதக் காணோம்?”

“பெரிய வகுப்புல படம் வராது.”

நம்பிவிட்டாள். உடனே கூலியைக் கேட்டாள். “சரி, கதையச் சொல்லு.”

அன்று நான் சொன்ன கதையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே என்மேல் மதிப்பு வருகிறது. ஒரு ராஜா. அவருக்கு ஒரே மகள். கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்துவிட்டார். மகளுக்கு வாத்து என்றால் உயிர். ராஜா கூடைகளில் வாத்துகளை அடைத்து அனுப்புகிறார். வழியில் பாதி செத்துவிடுகின்றன. மகள் முழுகாமல் இருக்கிறாள். துரியான் தின்ன ஆசைப்படுகிறாள். ஆனால் வண்டியில் துரியான் ஏற்றக் கூடாது என்று சட்டம் போட்டவரே அந்த ராஜாதான். தன் சட்டத்தைத் தானே மீற முடியாமல் ராஜா ஸ்டேஷனில் நின்று அழுகிறார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பெத்த மகளுக்கு ஒரு பழம் குடுக்க விடாத சட்டமெல்லாம் ஒரு சட்டமா” என்றாள். அவளே பதினாறு வயதில் கப்பலேறி வந்தவள். அவளுடைய அப்பாவை அதன்பிறகு பார்க்கவேயில்லை. அதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் தப்பித்தேன் என்பதுதான் தோன்றியது.

ஆறு வாரம் அந்தச் சட்டப் புத்தகத்தை வாசித்தேன். ஆறு வாரமும் ராஜா அழுதார். அம்மா பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் கதை போய்விட்டது. அவள் என்னை வழியில் நிறுத்தி, அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்டாள்.

பரீட்சை நாள் வந்தது. இரண்டாம் வருஷம் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். அப்பாவுக்கு வேலை. “துரை ‘டாம்பூல்’னு சொல்லுவான், அதக் கேக்க நான் எதுக்கு? நீயே போயிட்டு வா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வழி நெடுக அவள் முகம் தெளிவாக இருந்தது. என் மகன் ஒரு வருஷமாக என் முன்னால் நின்று படித்திருக்கிறான், பயப்பட என்ன இருக்கிறது என்ற தெளிவு. நான்தான் பின்தங்கிப் பின்தங்கி நடந்தேன்.

துரையின் அறையில் அவரும் யாழ்ப்பாணத்து வாத்தியாரும் இருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். துரை ஒரு புது ரீடரைத் திறந்து பதினாலாம் பாடத்தைக் காட்டினார். பட்டாணியாகப் போன பாடம் அது. முதல் வரியில் இரண்டு இடத்தில் தட்டினேன். இரண்டாம் வரியில் நின்றுவிட்டேன். மூன்றாம் வரி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. துரை கையை உயர்த்தி நிறுத்திவிட்டு வாத்தியாரிடம் ஏதோ கேட்டார்.

வாத்தியார் அம்மாவிடம் திரும்பினார். “பிள்ளை வீட்டில வாசிக்கிறதே இல்லையோ எண்டு துரை கேக்கிறார், அம்மா.”

“தெனம் வாசிக்கிறான், ஐயா. நான் ஒக்காந்து கேக்குறேன்.”

துரை அதைக் கேட்டுச் சிரித்தார். நம்பவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். “எழுத்துத் தெரியாத ஆள் கேட்டு என்ன பிரயோசனம் எண்டு…”

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் அதைத்தான் செய்வாள். எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. தரை பிளந்து என்னை முழுங்கிவிடாதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை.

“எழுத்துத் தெரியாதுதான். காது இருக்கு. கேக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, என் குரலில், என் ராகத்தில் ஆரம்பித்தாள். “லைவ்ஸ்டாக் வில் பி கேரீட் அட் ஓனர்ஸ் ரிஸ்க் ஒன்லி. டக்ஸ் அண்ட் கீஸ் மஸ்ட் பி இன் பாஸ்கெட்ஸ்…”

துரையின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அம்மா ஒரு சொல் தட்டவில்லை. “தி கிங் மே ரெஃப்யூஸ் எனி பாஸ்கெட் தட் லீக்ஸ்” என்று அவள் கணீரென்று சொன்னபோது, சுவரில் மாட்டியிருந்த இங்கிலாந்து ராஜாவின் படத்தைத் துரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது. அம்மா துரியானுக்கு வந்து, ஈர மூட்டைக்குப் போய், வெடிமருந்து ஏற்றுகிற விதிவரை சொல்லிமுடித்தாள். மூச்சு வாங்க நின்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று துரை கேட்கச் சொன்னார். அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? வாத்துகளிலிருந்து ஆரம்பித்தாள். கடல் தாண்டிப்போன மகளையும், துரியான் ஆசையையும், ராஜா ஸ்டேஷனில் நின்று அழுததையும் சொன்னாள். அழவேண்டிய இடத்தில் அவளும் கொஞ்சம் அழுதாள். அதையெல்லாம் ஒரு வரி விடாமல் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டிய தலையெழுத்து வாத்தியாருக்கு வாய்த்தது. டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு சொன்னார். துரை அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதும் எனக்கு விளங்கியது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

துரை பேனாவை மறுபடியும் கையில் எடுத்தார். பிறகு வாத்தியாரிடம் நீளமாக ஏதோ சொன்னார். வாத்தியார் வழக்கம்போல் அதைச் சுருக்கினார்.

“அம்மா, உங்கட உச்சரிப்பு நல்லாயிருக்காம். பிள்ளை பதினைஞ்சு நாள் கழிச்சு இன்னொருக்கா வந்து வாசிக்கட்டாம். பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒண்டு தருவினம். நீங்கள் முந்தி மாதிரியே இருந்து கேக்க வேணுமாம்.”

அம்மா துரையைப் பார்த்துக் கும்பிட்டாள். நாங்கள் வாசலுக்குத் திரும்பினோம். அப்போது துரை அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாத்தியாரிடம் மெதுவாக ஒரே ஒரு வரி சொன்னார்.

“வி ஹேவ் அட்மிட்டட் தி ராங் ஒன்.”

வாத்தியார் அதை மொழிபெயர்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும் அம்மா முன்னால் போகும்வரை காத்திருந்து என் காதைத் திருகினார். “கீஸ் எண்டால் என்ன எண்டு தெரியுமோடா உனக்கு, மடையா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். ஆனால் அம்மாவிடம் அவர் எதையும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் கும்பிடுகிறேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா சந்தோஷமாகத்தான் வந்தாள். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது நின்றாள்.

“கடைசியா நம்ம ரெண்டு பேரையும் பாத்துட்டு துரை ஒண்ணு சொன்னாரே. வாத்தியார் அத மட்டும் சொல்லாம விட்டுட்டாரு. ‘வி ஹேவ் அட்மிட்டட் தி ராங் ஒன்’னு. என்னடா அது?”

துரையின் வாயிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. எனக்குப் பக்கென்றது. ராங் ஒன் என்றால் தப்பான ஆள். அது நான்தான், வேறு யார்? சேர்க்கக் கூடாத ஆளைச் சேர்த்துவிட்டோம் என்று துரையே சொல்லிவிட்டார். இதை அம்மாவிடம் சொன்னால் அப்பாவுக்குப் போகும். அப்பாவுக்குப் போனால் ரெங்கம்.

“பையனுக்குத் தெனம் ஒரு முட்ட குடுக்கணும்னு சொன்னாரும்மா” என்றேன்.

“அதான் மொதல்ல என்னப் பாத்தாரா!” என்றாள் அம்மா. உடனே வாத்தியார் வேலையை ஆரம்பித்துவிட்டாள். “அதுல முட்டைக்கு எது?”

“ராங் ஒன்.”

மறுநாளிலிருந்து எனக்கு முட்டை வந்தது. வீட்டில் நாலு கோழிகள் இருந்தன. அதுவரை அந்த முட்டைகள் அப்பாவுக்குத்தான் போகும். அப்பா முறைத்துப் பார்த்தார். துரை உத்தரவு என்றதும் முட்டையில்லாமலே தின்றுவிட்டு எழுந்தார். பதினைந்து நாளும் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அம்மா என்னைப் பிழிந்து எடுத்தாள். நடுவில் ஒருநாள் மட்டும், ராஜா மகளுக்குக் கடைசியில் துரியான் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். திருப்தியாக அடுத்த நெத்திலியை எடுத்தாள். நான் மறுபடியும் துரை முன்னால் போய் நின்று, தட்டாமல் வாசித்து, ஏழாம் ஸ்டாண்டர்டுக்குப் போய்விட்டேன்.

ஆனால் முட்டை நிற்கவில்லை. நான் படித்து முடிக்கும்வரை, வேலைக்குப் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்ட பிறகும்கூட, காலையில் தட்டை என் முன்னால் வைக்கும்போதெல்லாம் அம்மா அந்த வரியைத் துரையின் குரலிலேயே சொல்லுவாள். “வி ஹேவ் அட்மிட்டட் தி ராங் ஒன்.” அவசரமான நாட்களில் சுருக்கிக்கொள்வாள். “இந்தா, ராங் ஒன்ன தின்னுட்டுப் போ.” வருகிறவர் போகிறவரிடமெல்லாம், தனக்கு இங்கிலீஷில் ஒரு வரி தெரியும், அது துரை தன்னைப் பார்த்துச் சொன்னது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். சாகும்வரை அவளுக்கு அதன் சரியான அர்த்தம் தெரியாது.

எனக்கும்தான் தெரியாது. அவள் போய்ப் பல வருஷம் கழித்து, ஒன்றுமில்லாத ஒரு நாளில், அந்த அறை திடீரென்று கண்முன் வந்தது. துரை முதலில் அம்மாவைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். தப்பான ஆள் என்று ஒருவன் இருந்தால் சரியான ஆள் என்று ஒருவர் இருக்க வேண்டும். வாத்தியாரையும் துரையையும் கழித்துவிட்டால் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அன்று எனக்கு அழுகை வந்தது. வீட்டில் யாரிடமும் காரணம் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அது. படித்துச் சொல்ல அவளுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நான் அதை முட்டை என்று சொல்லித் தின்றுவிட்டேன்.